ஓரத்து நிரை

யாராவது ஒருத்தி அந்த நிரையில் போய்த்தானே ஆக வேண்டும். மலை என்று இருந்தால் அதற்கு ஓரம் இருக்கும். ஓரத்திலும் தேயிலை இருக்கும். எடுக்காமல் விட்டால் கொழுந்து முற்றிப் போகும். நான் அனுப்பாவிட்டால் இன்னொரு சுப்பவைசர் அனுப்பியிருப்பார். மதலேனாக்கா போகாவிட்டால் இன்னொருத்தி போயிருப்பாள். அவளுக்கும் கால் வழுக்கியிருக்கலாம், வழுக்காமலும் இருந்திருக்கலாம். அதற்கு நான் என்ன செய்ய?

பஸ் அப்புத்தளையில் புறப்பட்டதிலிருந்து விஜயலெட்சுமி இதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். பண்டாரவளை வரைக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அங்கே லீக்ஸும் கோவாவுமாகக் காய்கறி மூட்டைகளோடு ஆட்கள் ஏறி நெருக்கியடித்தார்கள். எல்லப் பக்கத்து வளைவுகளில் பஸ் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து இறங்கியபோது, சொன்னதையே சொல்வது அவளுக்கே சலித்துப் போனது. மடியில் மதலேனாவுக்குக் கட்டிய சோறு ஆறிக்கொண்டிருந்தது. பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் மாசிக் கருவாட்டுச் சம்பலும். மாசியைக் கொஞ்சம் கூடவே போட்டிருந்தாள்.

மதலேனா தொடை எலும்பு முறிந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

இருவருக்கும் ஒரே லயம், அந்தத் தொடர்வீட்டு வரிசையில் அடுத்தடுத்த காம்பரா. நடுச்சுவர் கூரைவரை எட்டாததால் ஒரு வீட்டில் வெங்காயம் வதங்கினால் மற்ற வீட்டில் பசிக்கும். இருபது வருஷத்துக்கு மேலாகப் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்தெடுத்தவர்கள். ஒருத்தியின் கூடையை மற்றவள் தூக்கிவிடுவாள். ஒருத்தி காலில் ஏறிய அட்டையை மற்றவள் பிடுங்கிப் போடுவாள். போன வருஷம் விஜயலெட்சுமியின் தலையிலிருந்து கூடைக்கயிறு இறங்கியது. கையில் ஒரு கம்பும், கழுத்தில் தொங்கும் படம் போட்ட அட்டையும் வந்தன. வெள்ளியோடைத் தோட்டத்தில் கொழுந்துப் பெண்களுக்குப் பெண்ணே சுப்பவைசராக வந்தது அதுதான் முதல் தடவை.

அப்படிச் செய்தவர் தோட்டத்தை நடத்த வந்த புதிய துரை பாறூக். முப்பத்தைந்து வயதுக்குமேல் இராது. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்கு ஜீப்பில் வராமல் நடந்து வருவார். வந்த புதிதில் ஒரு காலை, வரிசையாக நின்ற பெண்களை வட்டமாக நிற்கச் சொன்னார்.

"என்னாடி இது, பூப்பறிக்க வந்தோம் வெளையாட்டா?" என்று மதலேனா மெதுவாகச் சொல்ல, சிரிப்பு வட்டத்தைச் சுற்றிப் போனது.

துரையும் சிரித்தார். அவர் தமிழில் பேசினார். "இந்தக் களத்துல இனிமேப் பட்டு யாரும் யாரையும் ஏசப்புடாது. வாடி போடின்னு கூப்புடப்புடாது. பேரச் சொல்லிக் கூப்புடணும். யாருக்கு என்ன கொறை இருந்தாலும் இந்த வட்டத்துல வச்சுச் சொல்லணும். சொன்னதுக்காக யாரையும் யாரும் ஒண்ணும் செய்ய ஏலாது. அதுக்கு நான் பொறுப்பு."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை வாங்கிய பழைய கங்காணி இருந்தவரை காலையில் காதில் விழும் முதல் சொல்லே வீட்டில் சொல்ல முடியாததாக இருக்கும். பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் பிந்தி வந்ததற்கு விஜயலெட்சுமியை அவன் எல்லோர் முன்னாலும் கேட்ட கேள்வி, அந்தப் பிள்ளை யசோதினி வளர்ந்து உயர்தரம் படிக்கிற இந்த வயதிலும் அவளுக்கு மறக்கவில்லை. துரை பேசிய அன்றைக்கு அவள் கண் கலங்கியது உண்மை. சுப்பவைசராக வருகிறாயா என்று அவர் கேட்டபோது, ஒருத்தியைக்கூட ஒரு சொல் சொல்லமாட்டேன் என்று தனக்குள்ளே வைராக்கியம் எடுத்துக்கொண்டதும் உண்மை.

அந்த வைராக்கியத்தை அவள் கடைசிவரை காப்பாற்றினாள்.

மலைக்குப் போனதும் பெண்கள் ரோட்டோரம் கூடி நிற்பார்கள். சுப்பவைசர் கம்பை நீட்டி ஒவ்வொருத்திக்கும் நிரை காட்டுவாள். நிரைகள் சரிவில் மேல்நோக்கி ஏறும். நடு நிரைகளில் தேயிலை தழைத்திருக்கும், கால் பதிக்க இடம் இருக்கும், பேச்சுத் துணையும் இருக்கும். ஓரத்து நிரை அப்படியல்ல. ஒரு பக்கம் மானாப்புல்லும் ஓடைப் பள்ளமும். கீழே மழைத்தண்ணீர் ஓடும், கல் பெயர்ந்த கான். தேயிலை விட்டுவிட்டு நிற்கும். கூடை நிறையாது. அட்டையும் குளவியும் அங்கேதான். அதனால் ஓரத்து நிரைக்கு முறை உண்டு. இன்றைக்கு அதில் போனவள் நாளைக்கு நடுவில் நிற்பாள். இது எங்கும் எழுதப்படவில்லை. கொழுந்தெடுக்கிற எல்லோருக்கும் தெரியும்.

சுப்பவைசராகிய கொஞ்ச நாளில் ஒரு இளம் பெண் விஜயலெட்சுமியின் நடையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். விஜயலெட்சுமி பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முறை அவளுடையதல்ல. ஆனாலும் கம்பு அவள் பக்கம் திரும்பி, ஓரத்தைக் காட்டியது. "தங்கச்சி, நீங்க அந்தப் பக்கம் போறீங்களா?" என்று அவள் கேட்டாள். குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. அந்தப் பெண் முகம் கறுத்துப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் நடித்துக் காட்டவில்லை. சத்தமே போடாமல் ஒரு ஆளை அடக்கலாம் என்று அன்றைக்கு விஜயலெட்சுமிக்குத் தெரிந்தது. தெரிந்ததில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ஏசியிருந்தால்தானே பாவம்.

பிறகு கம்பு எப்போதாவதுதான் அப்படித் திரும்பியது. அடிக்கடி திரும்பத் தேவையிருக்கவில்லை. மற்றக் கூட்டங்களில் வட்டத்துக்கு வட்டம் முறைப்பாடு வரும். அவள் கூட்டத்தில் ஒன்றும் வராது. துரை அதைக் கவனித்தார். "விஜயலெட்சுமியோட ஆளுங்கதான் ஒரு குடும்பம் மாதிரி" என்று ஆபீஸில் சொன்னாராம். அந்தச் சொல்லை அவள் நெடுநாள் மனதில் வைத்திருந்தாள்.

வாய் மூடாதவள் மதலேனா ஒருத்திதான். ஒரு மழைக் காலையில் துரை வட்டத்தில் வழக்கம்போல, "யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்ல இருக்கா?" என்று கேட்டார். யாரும் பேசாமலிருக்க, அவள் முன்னால் வந்தாள்.

"இருக்குங்க தொர. பின்னேரம் கொழுந்து நிறுக்கிறப்ப மழையில நிக்க வக்கிறாங்க. கொழுந்துக்குப் படங்கு போட்டு மூடுறாங்க, எங்களுக்கு ஒண்ணுமில்ல. நாங்களும் பச்சையாத்தான இருக்கோம், எங்களையும் கொஞ்சம் மூடி வைங்களேன்."

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். துரையும் சிரித்தபடி விஜயலெட்சுமியைப் பார்த்து, "இத ஏன் நீங்க எனக்குச் சொல்லல்ல?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. அந்தக் கிழமையே நிறுக்கும் இடத்துக்குத் தகரம் போட்டார்கள். அந்தக் கிழமை முழுக்க மதலேனா ஓரத்து நிரையில் நின்றாள்.

"அக்கா, நீங்க அந்தப் பக்கம் போறீங்களா?"

முதல் நாள் மதலேனா சிரித்துக்கொண்டே போனாள். இரண்டாம் நாள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கம்பு நீளும் முன்பே போகத் தொடங்கினாள். விழுந்த அன்றைக்கு மூடுபனி. மானாப்புல்லுக்குள் சரசரவென்று ஒரு சத்தமும், கல் உருளும் சத்தமும், அதற்குப் பிறகு மதலேனா கர்த்தரைக் கூப்பிடும் சத்தமும் கேட்டன.

ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர் துரைதான். தன் மழைக்கோட்டை விரித்து அவளைப் படுக்க வைத்தவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரி வார்டில் ஈரத்துணியும் லைசோலும் மணத்தன. மதலேனாவின் காலில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் கனம் தொங்க விட்டிருந்தார்கள். விஜயலெட்சுமியைக் கண்டதும் அவள் முகம் மலரவும் இல்லை, சுருங்கவும் இல்லை.

"வா லெச்சி. பாத்தியா, இங்கயும் என்னயத் தராசுல தொங்க விட்டுட்டானுங்க. கொழுந்துல தண்ணிக்குக் கழிக்கிற மாதிரி எவ்வளவு கழிப்பானுங்கன்னு தெரியல்ல."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். ஸித்தி ஸுபைதா என்று பெயர், பதுளை டவுன் ஆள், கை முறிந்து வந்தவள். "இவ வந்த நாள்ள இருந்து எங்களுக்கு நோவு தெரியல்ல, புள்ள" என்றாள். "இது ஒங்கட தங்கச்சியா?"

"தங்கச்சி மாதிரித்தான் இருந்துச்சி" என்றாள் மதலேனா. "இப்ப எங்க கங்காணியம்மா."

விஜயலெட்சுமி சோற்றுக் கிண்ணத்தின் கட்டைப் பிரித்தாள். மதலேனா சாய்ந்து படுத்தபடியே பிசைந்து தின்றாள். மாசியை விரலால் எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு என்னா செய்றாரு?" என்றாள் பிறகு.

"மாணிக்கராஜண்ணனுக்கு நாந்தான் சோறு குடுத்து விடறேன். நேத்து ரொட்டி சுட்டுப் பாத்திருக்காரு. யசோதினி போயி மிச்சத்த எடுத்து நாய்க்குப் போட்டுருக்கா."

"நாய் தின்னுச்சா?"

"மோந்து பாத்துச்சாம்."

மதலேனா சிரித்தாள். சிரிப்பில் கால் அசைந்து, தொங்கிய கனம் ஆடியது. வலியில் பல்லைக் கடித்தாள். விஜயலெட்சுமி கனத்தைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினாள்.

"அக்கா" என்றாள் விஜயலெட்சுமி. "நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாத."

"இல்லக்கா..."

"மன்னிப்பு கின்னிப்பு கேட்டுறாத லெச்சி. கேட்டா நான் பரவாயில்லன்னு சொல்லணும். பரவாயில்லன்னு சொல்ற மாதிரியா இருக்கு என் காலு?"

விஜயலெட்சுமி தலை குனிந்துகொண்டாள். மதலேனா கை கழுவ எழும்ப முடியாமல் விரல்களை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். விஜயலெட்சுமி போத்தல் தண்ணீரை ஊற்றி, சோறு கொண்டு வந்த கிண்ணத்திலேயே அந்தக் கையைக் கழுவிவிட்டாள். கொழுந்துச் சாயம் விரல் நுனிகளில் இன்னும் கறுப்பாக இருந்தது.

"தொர வந்தாரு" என்றாள் மதலேனா. "ஆப்பிள் கொண்டாந்தாரு. நல்ல மனுசன். ஏன் அந்த எடத்துல நின்னீங்கன்னு கேட்டாரு. யாரும் ஒங்கள அங்க போகச் சொன்னாங்களான்னும் கேட்டாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"வழுக்கிருச்சின்னு சொன்னேன்."

"ஏங்க்கா சொல்லாம விட்டீங்க?"

"என்னா சொல்ல? எனக்கு நெர குடுத்தாங்கன்னு சொல்லவா? நெர குடுக்கிறது ஒன் வேல. நீ ஒரு கெட்ட வார்த்த பேசிருந்தா சொல்லிருப்பேன், அந்த வட்டத்துலயே வச்சி நாறடிச்சிருப்பேன். நீ அக்கான்னுதான் கூப்புட்ட. சிரிச்சிக்கிட்டுத்தான் கைய நீட்டுன. இதுல எந்த எடத்துல தப்பு இருக்குன்னு எனக்கே எடுத்துச் சொல்லத் தெரியல்ல லெச்சி. அவருக்கு எப்புடி வெளங்கும்?"

ஜன்னலுக்கு வெளியே முத்தியங்கணை விகாரைப் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்து ஓய்ந்தது.

"பழைய கங்காணி இருந்தானே" என்று மதலேனா மோட்டுவளையைப் பார்த்துச் சொன்னாள். "ஏசுவான். நானும் ஏசுவேன். அவன் ஆத்தா வரைக்கும் போவான், நான் அவன் பாட்டி வரைக்கும் போவேன். அன்னைக்கே முடிஞ்சிரும். மறுநா எங்கிட்டயே வெத்தல கேட்டு வருவான். நல்லவன்னு சொல்லல்ல. ஆனா திருப்பி ஏச ஒரு வழி இருந்துச்சி. ஒன்னய எப்புடி ஏசுறது, சொல்லு. அக்கான்னு கூப்புட்டவள எந்த வாயால ஏச?"

பார்க்க வந்தவர்களை வெளியே போகச் சொல்லி மணி அடித்தார்கள். விஜயலெட்சுமி எழும்பியபோது, "சம்பல்ல மாசி கூடிப் போச்சி" என்றாள் மதலேனா. "அடுத்த தடவ கொறச்சிப் போடு."

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது பின்னேர மழை தொடங்கியிருந்தது. மலையின் கீழே வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி மேகத்துக்குள் போய்விட்டது. புருஷன் நல்லையா அடுப்படியில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அவன் பண்டாரவளையில் காய்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுபவன். மழை நாளில் நேரத்தோடு வந்துவிடுவான். யசோதினி கட்டிலில் புத்தகத்தை விரித்துவைத்து, பின்சுவர் ஓரத்தில் ஒழுகும் இடத்தில் ஏனம் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஒரு வெடிப்பு ஓடியது. அதில் அவள் ஒட்டியிருந்த பேப்பர் நடுவில் கிழிந்திருந்தது. பேப்பர் கிழிந்தால் வெடிப்பு பெரிதாகியிருக்கிறது என்று அர்த்தம். மீரியபெத்தையில் மண் இறங்கி லயங்களை மூடியதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் மழையை ரசிப்பதில்லை. போன மழைக்கு அதிகாரிகள் வந்து பார்த்து, இந்த லயத்தில் இருக்கக் கூடாது என்றார்கள். எங்கே போவது என்று சொல்லவில்லை.

"கங்காணியம்மா வந்துட்டாங்க" என்றான் நல்லையா. நல்ல மனநிலையில் இருந்தான். "இன்னைக்கு அந்த வீட்டப் போயிப் பாத்தேன். தேயில ஸ்டோரடி ரோட்டுல, பாறை மேல நிக்கிது. ஒரு வெடிப்பு இல்ல. உள்ளுக்கே பைப்பு. நம்ம புள்ளைக்கின்னு தனியா ஒரு ரூம்பு."

துரை சொன்ன வீடு அது. சுற்றுவட்டாரத் தோட்டங்களின் சுப்பவைசர்களைப் பண்டாரவளையில் ஒரு மண்டபத்தில் கூட்டி, மரியாதையாக வேலை வாங்குவது எப்படி என்று பழக்கப் போகிறார்கள். அதில் விஜயலெட்சுமி பேச வேண்டும். பிறகு தோட்டம் தோட்டமாகப் போய் அவளே பழக்க வேண்டும். பயிற்சி உத்தியோகத்தர் என்று அதற்குப் பெயர். உத்தியோகத்தருக்குத் தோட்டத்து வீடு உண்டு. நாளைக் காலை அவள் சரியென்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"நான் இன்னும் சரின்னு சொல்லல்லிங்க" என்றாள்.

"அதுல என்னா இருக்கு? போயி நின்னு நாலு வார்த்த பேசப் போற. ஒனக்குப் பேசத் தெரியாதா? எங்கிட்ட பேசுறதுல பாதிய அங்க பேசு, போதும்."

அவள் தலை துவட்டினாள். துவட்டிக்கொண்டே, "மதலேனாக்காவ அந்த நெரையில விட்டது நாந்தான்" என்றாள். "மொற அவங்களுது இல்ல. அந்தக் கெழம பூரா நாந்தான் விட்டேன்."

நல்லையா டம்ளரைக் கீழே வைத்தான்.

"யாராச்சும் போகத்தான வேணும்" என்றான்.

தன் மனதில் நாள் கணக்காக நின்ற சொல் இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது அது எவ்வளவு சின்னதாக இருந்தது. அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவன்மேல் அல்ல என்றும் தெரிந்தது.

"அது தப்புன்னா மதலேனா சொல்லிருக்கும். அதுவே வழுக்கிருச்சின்னு சொல்லிருச்சி. நீ ஏன் இழுக்கிற?" என்றான் நல்லையா. "நம்ம என்னா அது காலப் புடிச்சித் தள்ளியா விட்டோம்? செவத்தப் பாரு. பேப்பரப் பாரு. புள்ள இதுக்குப் பக்கத்துலதான் படுக்குது."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பாத்துக்கிட்டே இரு" என்று அவன் எழும்பி வாசலுக்குப் போய் மழையைப் பார்த்து நின்றான். அவனுக்கு முதுகு பேசும். கோபம் வந்தால் ஏசுவதில்லை, திரும்பி நின்றுகொள்வான். இத்தனை வருஷம் அதை நல்ல குணம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

யசோதினி புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், "எங்க ஸ்கூல்லயும் ஒரு டீச்சர் இருக்காங்கம்மா" என்றாள். "அடிக்க மாட்டாங்க, ஏச மாட்டாங்க. புடிக்காட்டி நம்ம கையத் தூக்குனாலும் பாக்காத மாதிரி இருந்துருவாங்க. நல்ல டீச்சருன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

"நீ படி" என்றாள் விஜயலெட்சுமி. சொன்ன பிறகு, அதையும் மெதுவான குரலில்தான் சொன்னோம் என்று நினைத்தாள்.

காலையில் மழை விட்டிருந்தது. பிரட்டுக்களத்தில் செம்மண் சேறு. பெண்கள் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமலே வட்டமாக நின்றார்கள். துரை அன்றைக்கு ஆபீஸில் இருந்தார். விஜயலெட்சுமிதான் கேட்க வேண்டும்.

"யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்ல இருக்கா?"

யாரும் பேசவில்லை. அது பழகிய மௌனம்தான். இதற்குத்தான் துரை அவளைப் புகழ்ந்தார். இன்றைக்கு அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்த முகங்கள் எல்லாம் கீழே குனிந்தன.

"நெர குடுக்கிறதப் பத்தி யாருக்காச்சும் கொறை இருந்தா சொல்லுங்க" என்றாள். "இனிமே மொறப்படிதான். மொற தப்புனா என்னய நிப்பாட்டிக் கேளுங்க."

சேற்றில் யாரோ கால் மாற்றி நின்றார்கள். முன்பு அவளைப் போல நடித்துக் காட்டிய அந்த இளம் பெண்தான் கடைசியில் வாய் திறந்தாள்.

"நீங்க எங்க விட்டாலும் சரிங்க" என்றாள். "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லிங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். விஜயலெட்சுமி கம்பைத் தாழ்த்திக்கொண்டாள். கேட்டால் சொல்வார்கள் என்று நேற்று பஸ்ஸில் வரும்போது ஒரு நம்பிக்கை இருந்தது. பேச வைப்பது வாயை அடைப்பதுபோல லேசானதல்ல. எத்தனை காலை இப்படி நின்று கேட்டால் ஒருத்தி முன்னால் வருவாள் என்று தெரியவில்லை. முன்னால் வரக்கூடிய ஒருத்தி பதுளையில் கட்டிலில் கிடந்தாள்.

மலையில் முறைப்படி நிரை பிரித்தாள். ஓரத்தில் பெயர்ந்து கிடந்த கானுக்குத் துரை கல் அடுக்கிக் கம்பி கட்டுவித்திருந்தார். ஓரத்துக்குப் போனவள் ஒரு சொல்லும் பேசாமல் போனாள். பெண்களின் கைகள் தேயிலைக்கு மேலே போய் வந்தன. யாரும் பாடவில்லை, யாரும் யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை. மதலேனா இருந்தால் இந்நேரம் யாருடைய மாமியாரையாவது மலைக்கு இழுத்துக்கொண்டு வந்திருப்பாள். விஜயலெட்சுமி ரோட்டில் நின்றபடி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கைகளுக்கு வேலை இல்லாதது அவளுக்கு முதல் தடவையாக வெறுமையாகப் பட்டது.

தேத்தண்ணி நேரத்தில் ஆபீஸுக்குப் போனாள்.

"வாங்க, இரிங்க" என்று துரை எழும்பி நாற்காலியை இழுத்துப் போட்டார். தொழிலாளி வந்தால் நாற்காலி கொடுக்கிற முதல் துரை அவர்தான். இரண்டு கோப்பையில் தேத்தண்ணி வரவழைத்தார். "மதலேனாவப் பாக்கப் போனீங்களாமே. எப்படி இருக்காங்க?"

"பரவாயில்லிங்க தொர. நடக்க நாளாகும்னு சொல்றாங்க."

"அவங்களுக்கு இனிமே மலையேற ஏலாது. சின்னப் புள்ளைகளப் பாத்துக்கிற பிள்ளைக் காம்பராவில வேல குடுக்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"அவங்கள்ட்டயே கேளுங்க தொர. சொல்லுவாங்க."

"அதுவும் சரிதான்." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு களங்கமும் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. இவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும். "சரி, நம்ம விஷயத்துக்கு வருவமே. மண்டபத்துக்குச் சொல்லியாச்சு. எல்லாத் தோட்டத்துல இருந்தும் ஆட்கள் வாராங்க. அந்த வீட்டையும் வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கேன், மழை கூடுறதுக்கு முன்னுக்கு நீங்க வந்துறலாம். ஒங்க லயத்த நெனச்சா எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெள்ளையடித்த சுவர் கண்ணுக்குள் வந்தது. அதன் ஓரத்தில் கட்டிலில் யசோதினி புத்தகத்தை விரித்துப் படுத்திருக்கிறாள். மழை வெளியே பெய்கிறது. பெய்யட்டும் என்று இருக்கிறாள். அந்தப் படத்தை அவள் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்திருந்தாள்.

"நான் வரல்லிங்க தொர" என்றாள்.

துரை அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். "மேடையில பேசுறதுக்குப் பயமா? பேச்செல்லாம் ஒண்ணும் வேணாம். ஒரு கூட்டத்துல முறைப்பாடே வராம, ஒரு சத்தமே போடாம, எப்படி நடத்துறதுன்னு மத்தவங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான். நீங்க காலையில மலைக்குப் போயி என்ன செய்றீங்களோ, அத அப்படியே சொன்னாப் போதும்."

வெளியே கொழுந்து லொறி ஸ்டோர்ப் பக்கம் ஏறும் சத்தம் கேட்டது. அவள் குடிக்காத தேத்தண்ணியை மேசையில் வைத்தாள்.

"அதத்தாங்க தொர சொல்ல மாட்டேன்" என்றாள். "நான் செய்றதச் சொன்னா, அவங்களும் போயி அப்புடியே செய்வாங்க."